கோபுரக் கரையும் ஒன்பது முட்டைகளும்

"கரை ஒரு பக்கம் ஒசந்து இன்னொரு பக்கம் எறங்கிப் போனா, மாஸ்டர் புடவைய மூஞ்சில வீசிட மாட்டாரா டீச்சர்?"

நான்காம் வகுப்பு தேவிப்ரியா ஒரு நாள் இப்படிக் கேட்டாள். மாஸ்டர் என்றால் நூல் கொடுத்துப் புடவை நெய்து வாங்கும் முதலாளி. தறிக்காரர் வீட்டுப் பெண் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். கேட்ட நேரத்தில் கலைமகள் டீச்சர் ஏழாம் எண் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். "ஆமாம்மா, வீசுவாரு" என்று தலை நிமிராமலே சொன்னார். அந்த இரண்டு சொல்லால் ஒரு காகிதத்துக்குப் பொன்னாடை கிடைத்தது. ஒன்பது குழந்தைகளுக்கு முட்டை கிடைக்காமல் போனது.

முதலில் வண்ணத் தகவல் இயக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் அது தொடங்கியது. சின்னப் பிள்ளைகள் கணக்கில் புள்ளிவிவரம் என்ற பகுதியைப் புத்தகத்தில் மட்டும் படிக்கக் கூடாது; கையால் தொட்டு, எண்ணி, வகை பிரித்து, வண்ணம் ஒட்டிப் படமாக்கிப் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நோக்கம் நன்றாக இருந்ததால்தான் அதற்கு ஓர் அலுவலகம் வைத்தார்கள். அலுவலகத்தில் மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் போட்ட பிறகு நோக்கத்துக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இயக்கத்தின் பயிற்சி ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் நடந்தது. சந்தவாசலிலிருந்து இரண்டு பஸ் மாறி கலைமகள் டீச்சர் போனார். முள்ளிப்பட்டு போகிற வழியில் இருந்த அவருடைய பள்ளியில் ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆசிரியர் பணியிடம் இரண்டு. ஒன்று இரண்டு வருடமாகக் காலி. பயிற்சிக்கு அவர் போன இரண்டு நாளும் பள்ளியைச் சத்துணவு சமைக்கும் கன்னியம்மாதான் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் வெங்காயம் உரித்தார்கள்.

மேடையில் இயக்கத்தின் முதன்மைக் கருத்தாளர் ஹேமநாத் பேசினார். சென்னையிலிருந்து வந்தவர். கதர் ஜிப்பா, தோளில் சணல் பை.

"ஒரு குழந்தை தகவலைத் தொட வேண்டும். முகர வேண்டும். மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எண்ணச் சொல்கிறோம்! எண்ணுவது மிகப் பழைய முறை, நண்பர்களே. கடைக்காரர்கள்கூட எண்ணுகிறார்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து வேடியப்பன் வாத்தியார் எழுந்தார். வெகுளி மனிதர். "சார், எங்க ஸ்கூலுக்கு சாக்பீஸ் வந்து மூணு மாசம் ஆவுது" என்றார்.

ஹேமநாத் முகம் மலர்ந்தது. "அருமை! இதைப் புகாராக ஏன் பார்க்கிறீர்கள்? தகவலாகப் பாருங்கள். சாக்பீஸ் வந்த மாதத்துக்கு மஞ்சள், வராத மாதத்துக்குக் கறுப்பு. ஒட்டி மாட்டுங்கள்."

"எதுல சார் எழுதறது?"

"அடுத்த கேள்வி" என்றார் ஹேமநாத்.

மதியம் செயல்முறைப் பயிற்சி. சாம்பார் சாதம் வேண்டுவோர் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டும், தயிர் சாதம் வேண்டுவோர் பச்சைப் பொட்டும் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டினார்கள். சாம்பாருக்கு நாற்பத்தொன்று, தயிருக்கு இருபத்திரண்டு. ஹேமநாத் எட்ட நின்று சுவரைப் பார்த்து நெகிழ்ந்தார். அதன்பின் எல்லோருக்கும் லெமன் சாதப் பொட்டலம் வந்தது. அது முந்தின நாளே ஆர்டர் கொடுத்தது. யாரோ முணுமுணுத்ததற்கு அவர், "தகவல் சேகரிப்பு வேறு, சாப்பாடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றார். கலைமகள் டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பயிற்சியில் அவருக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அது.

இயக்கம் பள்ளிக்கு ஒரு கட்டத் தாளும் பதினோரு படிவங்களும் கொடுத்தது. தலைப்பு: 'மதிய உணவில் முட்டை உண்போர், வகுப்பு வாரியாக.' இனிமேல் வாரா வாரம் புதன்கிழமை முட்டை வரப்போகிறது. எந்தப் பள்ளிக்கு எத்தனை என்பதைப் பிள்ளைகள் செய்யும் படத்தைப் பார்த்தே அலுவலகம் முடிவு செய்யும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வண்ணப் பொருள்களை மட்டும் 'உள்ளூரில் விலையின்றிக் கிடைப்பவற்றிலிருந்து' பள்ளியே தேடிக்கொள்ள வேண்டும்.

எண்ணும் வேலை ஒழுங்காகவே நடந்தது. வகுப்புக்கு ஒரு கொட்டாங்கச்சி வைத்தார் டீச்சர். முட்டை சாப்பிடுகிறவர்கள் தங்கள் வகுப்புக் கொட்டாங்கச்சியில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். சைவக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சும்மா நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்பு சின்னபொண்ணு போட்டாள், எடுத்தாள், அது தன் கொட்டைதானா என்று பார்த்துவிட்டு மறுபடி போட்டாள். தேவிப்ரியா எல்லாவற்றையும் கொட்டி மூன்று முறை எண்ணிச் சொன்னாள். ஒன்றாம் வகுப்பு பத்து, இரண்டு ஏழு, மூன்று ஒன்பது, நான்கு பதினொன்று, ஐந்தாம் வகுப்பு ஐந்து. ஆக நாற்பத்திரண்டு. டீச்சர் பலகையில் எழுதினார். அந்த வருடம் அந்தப் பள்ளியில் எழுதப்பட்ட கடைசி உண்மையான எண் அதுதான்.

பிறகு படம். விலையில்லாமல் கிடைப்பது அந்த ஊரில் அறுந்த பட்டு நூல். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று பிள்ளைகள் கை நிறைய அள்ளி வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம். கட்டத்தை நூலால் நிரப்பிப் பசை தடவி ஒட்ட வேண்டும். டீச்சர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் படிவங்களோடு உட்கார்ந்தார். படத்தைச் செய்த விதம் பற்றி மூன்று படிவம், பிள்ளைகள் அடைந்த ஆனந்தம் பற்றி நான்கு படிவம்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டத் தாள் புதிதல்ல. புடவையின் கரையில் வருகிற பூவும் மயிலும் முதலில் கட்டத் தாளில்தான் பிறக்கும். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு அந்த அட்டையைத் தறியில் மாட்டுவார்கள். ஆகவே கட்டத் தாளில் வந்தால் அது கரை. கரை என்றால் ஒத்திருக்க வேண்டும். பத்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, ஐந்து என்று ஏறியும் இறங்கியும் நின்ற படத்தைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பல்லு போன வாயாட்டம் இருக்குது" என்றது ஒரு குரல்.

அப்போதுதான் தேவிப்ரியா அந்தக் கேள்வியைக் கேட்டாள். டீச்சர் அந்தப் பதிலைச் சொன்னார். தறிக்காரர் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். ஏற்றுவதற்கு நூல் பத்தாது, இறக்கிவிடலாம். ஒன்றாம் வகுப்பில் ஐந்து கட்டத்தையும், தன் சொந்த நான்காம் வகுப்பில் நான்கு கட்டத்தையும் தேவிப்ரியா கத்தரிக்கோலால் பிரித்தெடுத்தாள். ஐந்து, ஏழு, ஒன்பது, ஏழு, ஐந்து. அச்சு அசலாகக் கோபுரக் கரை. உச்சியில் கலசத்துக்கு ஜரிகைத் துண்டு ஒன்று வைத்தார்கள்.

மறுநாள் காலை டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் இயக்கத்தின் ஒன்றிய ஒருங்கிணைப்பாளர் ராஜ்குமார் ஸ்கூட்டரில் வந்து படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் காமிரா.

"டீச்சர்! இந்த வடிவத்துக்கு இன்னா மகிமை தெரியுமா? நடுவுல ஒசரம், ரெண்டு பக்கமும் ஒரே சரிவு. உலகத்துல இருக்கிற நல்ல புள்ளிவிவரம் எல்லாம் கடைசில இப்படித்தான் வந்து நிக்கும். பெரிய பெரிய புஸ்தகத்துல போட்டிருக்குது. நான் பாத்ததே இல்ல. இப்பத்தான் பாக்கறேன்."

டீச்சர் படத்தைப் பார்த்தார். ஒன்பது கட்டம் காணாமல் போயிருப்பது ஒரு நொடியில் தெரிந்தது. "சார், இதுல வந்து…" என்று வாயைத் திறந்தார்.

"பதினஞ்சு வருசம் சர்வீஸ் இருக்குமா உங்களுக்கு? இத்தினி நாளா உங்கள யாரும் கவனிக்கல டீச்சர். எங்க தப்புதான்."

பதினான்கு வருடத்தில் மேலதிகாரி ஒருவர் அவரிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. திறந்த வாய் சிரிப்பாக மாறியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆண்டவனும் ஒவ்வொரு நாளும் நமக்கு நாளை என்று ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறார்.

பத்து நாளில் படத்துக்குப் பரிசளிப்பு விழா. அதே கல்யாண மண்டபம். படத்தை லேமினேட் செய்து சட்டம் போட்டிருந்தார்கள். பொன்னாடை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். டீச்சருக்கா படத்துக்கா என்று மேடையில் சிறு விவாதம் நடந்து, படத்துக்குப் போர்த்தினார்கள். ஹேமநாத் பேசினார்.

"இந்தப் படத்தில் எனக்கு முட்டை தெரியவில்லை. குழந்தை தெரியவில்லை. ஒழுங்கு தெரிகிறது. தகவல் என்றால் இப்படிப் பணிவாக இருக்க வேண்டும். மற்றப் பள்ளிகளின் தகவலெல்லாம் கண்டபடி ஏறி இறங்கிக் கிடக்கிறது. ஆசிரியர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதைத்தானே அது காட்டுகிறது?"

மறுவாரமே எல்லாப் பள்ளிகளுக்கும் இந்தப் படத்தின் நகல் போயிற்று. இனி தகவல் இந்த வடிவில் வரவேண்டும். வேடியப்பன் வாத்தியார் பள்ளிக்குக் கிழமை வாரியாக வருகைப் பதிவு என்று தலைப்பு. திங்கள் எட்டு, செவ்வாய் பன்னிரண்டு, புதன் பதினாறு என்று நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை கெட்ட நேரம், பதினாறு பேரும் வந்துவிட்டார்கள். நான்கு பேரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, வரவில்லை என்று எழுதினார். வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் மரத்தடியில். கோபுரம் எழுந்தது. அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. சாக்பீஸ் வரவில்லை.

புதன்கிழமை வந்தது. முட்டையும் வந்தது.

"டீச்சரம்மா" என்று கன்னியம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "முப்பத்திமூணுதான் இருக்குது. ஒம்போது கொறையுது. வழியில எவனாச்சும் துன்னுட்டானா?"

யாரும் தின்னவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து, நான்காம் வகுப்புக்கு ஏழு என்று வகுப்பு வாரியாகவே சீட்டு எழுதிப் பையில் போட்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு வரிசையில் ஐந்து முட்டை தீர்ந்தபோது ஆறாவதாகத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தவள் சின்னபொண்ணு. வெறும் தட்டைப் பார்த்தாள். "எனக்கு நாளைக்கா டீச்சர்?" என்றாள்.

நான்காம் வகுப்பு வரிசையில் தேவிப்ரியா, முட்டை வாங்காமலே தட்டை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தாள். அவளுக்குக் கணக்கு வரும்.

அன்று மாலையே டீச்சர் அலுவலகத்துக்குப் போனார். முட்டைப் பட்டியல் பார்க்கிற எழுத்தர் சுப்பராயலு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வருத்தத்தோடு தலையாட்டினார்.

"சார்ட்டு லேமினேட் ஆயிடிச்சேம்மா."

"ஆனா என்னாங்க? எண்ணிக்கை தப்பு. நாற்பத்திரண்டு பேரு சாப்பிடறாங்க."

"லேமினேட் ஆவறதுக்கு முன்னாடி வந்து சொல்லி இருந்தா அது தப்பு. ஆனப்புறம் அது ஆவணம். உள்ள கை பூராது. வேணும்னா நகத்தால சொரண்டிப் பாருங்க."

சுவரில் மாட்டியிருந்த படத்தை டீச்சர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பூரவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் சுப்பராயலு. "நான் ஒண்ணும் பொய் சொல்லிகினு இல்ல."

அடுத்த அறையில் ராஜ்குமார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து டீச்சருக்குக் கொடுத்தார்.

"தப்புன்னு எழுதிக் குடுக்கிறீங்களா? குடுங்க. ஆனா உங்க படம் தப்புன்னா, அதப் பாத்துப் போட்ட நூத்திப் பன்னெண்டு ஸ்கூலும் தப்பு. பரிசு குடுத்தவரு தப்பு. கைதட்டினவங்க தப்பு. ஒம்போது முட்டைக்காக இத்தினி பேர பாவத்துல தள்ளணுமா?"

"அப்ப நான் இன்னா சார் செய்யட்டும்? புள்ளைங்க தட்ட வெச்சிகினு நிக்குது."

ராஜ்குமார் டிபன் பாக்ஸை மூடினார். "புள்ளிவிவரத்தத் திருத்த முடியாது டீச்சர்" என்றார் மெல்லிய குரலில். "புள்ளைங்களத் திருத்த முடியுமான்னு பாருங்க."

இதை அவர் விளையாட்டாகச் சொன்னார் என்று டீச்சர் நினைத்தார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. 'தங்கள் பள்ளியில் முட்டை உண்போர் எண்ணிக்கை, பரிசு பெற்ற விளக்கப்படத்தைக் காட்டிலும் ஒன்பது மிகுந்து காணப்படுவதாகத் தெரிய வருகிறது. மேற்படி ஒன்பது மாணவர்களிடையே முட்டை உண்ணாமையின் நன்மைகள் குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்தி, அதன் அறிக்கையை இரு வண்ணங்களில் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

டீச்சர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அடுத்த புதன்கிழமை பஸ் ஏறும் முன் சந்தவாசல் கடையில் ஒன்பது முட்டை வாங்கி, வீட்டிலேயே அவித்து, தூக்குவாளியில் போட்டு எடுத்துவந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் வாளியோடு சமையலறைக்குப் போனார். தட்டுகளைப் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். நாற்பத்திரண்டு தட்டு, நாற்பத்திரண்டு முட்டை.

"கன்னியம்மா, இன்னிக்கு எத்தினி வந்துச்சு?"

"முப்பத்திமூணு."

"இங்க நாற்பத்திரண்டு இருக்குதே?"

"இருக்கட்டுமே. உங்களுக்குப் பேப்பர்ல தப்பு வரல? எனக்குச் சட்டில தப்பு வருது" என்றார் கன்னியம்மா. பிறகு வாளியைப் பார்த்தார். "இது இன்னா, பஸ்ஸுல குலுங்கி வந்த முட்டையா? வெயில்ல கெட்டுப் போயிருக்கும். புள்ளைங்களுக்கு வயித்தால போனா யாரு பதில் சொல்றது? வூட்டுக்கு எடுத்துகினு போங்க டீச்சரம்மா, ஜல்தியா."

சமையலறை அவருடைய ராஜ்யம். டீச்சர் வாளியோடு திரும்பினார். அவர் வீட்டில் இரண்டு நாள் முட்டைக் குழம்பு.

ஆனால் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஆயிற்றே, விடுவாரா? அடுத்த வாரம் உற்றுப் பார்த்தார். முப்பத்துமூன்று முட்டை ஒரே அளவு. ஒன்பது மட்டும் சிறியவை, ஓட்டில் லேசான பழுப்பு. நாட்டுக்கோழி முட்டை. கன்னியம்மாவைக் கேட்டால், "முட்டைக்குள்ள குட்டை நெட்டை இருக்காதா? மனுசங்கள்ல இல்ல?" என்று அடுப்பை ஊதினார். உண்மையைச் சொன்னவள் காலனியில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சின்னபொண்ணு.

"டீச்சர், கன்னியம்மா வூட்டுக் கோழிங்க அடைக்கு உக்காந்தா அந்தம்மா தண்ணில முக்கி முக்கி எழுப்பிவுட்டுடுது. பாவம் டீச்சர், கோழி நடுங்குது. குஞ்சே பொரிக்க வுடல. எல்லா முட்டையும் இங்க எடுத்துகினு வந்துடுது."

கன்னியம்மாவிடம் மூன்று கோழிகள் இருந்தன. வருடா வருடம் ஒரு ஈடு குஞ்சு பொரித்து வளர்த்து, ஆரணிச் சந்தையில் விற்று, ஆடி மாதம் படவேட்டம்மனுக்குப் பொங்கல் வைப்பார். இது டீச்சருக்குத் தெரியும். அடை கலைந்த கோழி சீக்கிரம் மறுபடி முட்டையிடும் என்பதற்காக அந்த வருடம் அடை வைக்கவில்லை என்பதுதான் தெரியாமல் இருந்தது. கேட்டால் கன்னியம்மா ஒப்புக்கொள்ளப்போவதில்லை. கொடுத்தால் வாங்கப்போவதும் இல்லை. டீச்சர் அன்று சாப்பிடவில்லை.

இப்படிப் பல புதன்கிழமைகள் போயின. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இயக்கம் வளர்ந்தது. தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, 'படத்தை நேரில் காணல்' என்ற நிகழ்ச்சிக்காக ஹேமநாத் ஜீப்பில் வந்து இறங்கினார். ராஜ்குமாரும் சுப்பராயலுவும் கூட வந்தார்கள். பிள்ளைகளைக் கோபுரக் கரை போலவே வரிசையாக உட்காரவைத்து, முட்டையோடு போட்டோ எடுப்பது ஏற்பாடு. ஐந்து, ஏழு, ஒன்பது, ஏழு, ஐந்து. உட்காரவைத்தார்கள். ஒன்பது பிள்ளைகள் மீதி. ஒன்பது முட்டையும் மீதி.

ஹேமநாத் எண்ணுவது பழைய முறை என்று சொல்பவர். ஆனாலும் எண்ணினார்.

"இது எங்கிருந்து வந்தது?"

ராஜ்குமாருக்கு வியர்த்தது. "கொறைஞ்சா பரவால்ல சார், ஒடைஞ்சிபோச்சுன்னு எழுதிடலாம். கூட இருந்தா பெரிய பேஜார். கூட இருக்கிறதுக்கு நம்மகிட்ட படிவமே இல்ல."

சுப்பராயலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வெளி முட்டைய சத்துணவுல கலந்திருக்குது. சமைக்கிறவங்க மேல விசாரணை வரும். முடியற வரைக்கும் வேலைய வுட்டு நிறுத்தி வெக்கணும். ரூல் அப்படி."

கன்னியம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புருஷன் இல்லாதவர். அந்த வேலைதான் வீட்டுக்கு அடுப்பு.

"சார்" என்றார் கலைமகள் டீச்சர். "கன்னியம்மா மேல தப்பில்ல. படம்தான் தப்பு. நான் எண்ணினது நாற்பத்திரண்டு. புள்ளைங்க அழகுக்காக ஒன்பது கட்டத்த எடுத்துட்டாங்க. எடுக்கச் சொன்ன மாதிரி பதில் சொன்னது நான். அன்னிக்கே தெரிஞ்சும் வாய மூடிகினு பரிசு வாங்கினதும் நான். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

ஹேமநாத் கண்களை மூடித் திறந்தார்.

"ராஜ்குமார், கவனியுங்கள். எப்பேர்ப்பட்ட தன்னடக்கம்! ஒரு மாபெரும் படத்தைச் செய்துவிட்டு, அதைத் தவறு என்று சொல்லும் மனம் எத்தனை பேருக்கு வரும்? இதைக் குறித்துக்கொள்ளுங்கள்."

"இல்ல சார், நிஜமாவே தப்பு…"

"மறுபடியும் பாருங்கள்!" என்றார் ஹேமநாத்.

"அந்த ஒம்போது முட்டை சார்?" என்று சுப்பராயலு நினைவூட்டினார்.

ஹேமநாத் ஒன்றாம் வகுப்பு வரிசைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து ஒரு பழுப்பு முட்டையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போது அவருக்கு ஞானம் வந்தது.

"இது உணவு அல்ல. இது கலைப்பொருள். முட்டை ஓட்டை உடைத்து ஒட்டிப் படம் செய்யலாம் அல்லவா? உள்ளூரில் விலையின்றிக் கிடைப்பது! சுற்றறிக்கையில் நாமே சொல்லியிருக்கிறோம். ஓடு தேவை. ஓட்டுக்குள் இருப்பது கழிவு. கழிவைக் குழந்தைகள் அப்புறப்படுத்தலாம்."

அப்புறப்படுத்தினார்கள். சின்னபொண்ணு உப்புத் தொட்டு அப்புறப்படுத்தினாள்.

கன்னியம்மாவின் வேலை பிழைத்தது. அடுத்த மாதம் அவருக்கு 'உள்ளூர்க் கலைப்பொருள் வழங்குநர்' என்று சான்றிதழ் வந்தது. கொண்டுவந்த ராஜ்குமாரிடம், "இதோட முட்டை வருமா சார்?" என்று கேட்டார். "கௌரவம் வரும்மா" என்றார் அவர். சான்றிதழ் கெட்டி அட்டை. அதை அடுப்பு விசிறக் கன்னியம்மா எடுத்துக்கொண்டார். ஒன்பது முட்டையும் கடைசிப் புதன்கிழமை வரை அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. இப்போது அதற்குச் சட்டப்படி அனுமதியும் இருந்தது.

பங்குனியோடு வண்ணத் தகவல் இயக்கம் முடிந்தது. அந்த அலுவலகத்தில் தாளக் கணித இயக்கம் வந்து உட்கார்ந்தது. அதே மேசை, அதே நாற்காலி, அதே ஹேமநாத். இனி பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டை உடுக்கை அடித்துச் சொல்ல வேண்டும். பழைய படங்களைப் பீரோவின் பின்னால் தள்ளிவிட்டதால், முட்டையை எதை வைத்து அனுப்புவது என்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பள்ளியைக் கேட்டார்கள். டீச்சர் நாற்பத்திரண்டு என்றார். நாற்பத்திரண்டு வரும் என்றார்கள். இவ்வளவு எளிதான காரியம் அது.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கன்னியம்மா மல்லாட்டைக் காட்டுக்கு வேர்க்கடலைக் களை எடுக்கப் போயிருந்தார். பிற்பகல் வெயிலில் காலனித் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பெரியவர்கள் காட்டில், பிள்ளைகள் ஏரியில். முள்ளிப்பட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய கலைமகள் டீச்சர் கையில் துணி கட்டிய மூங்கில் கூடை ஒன்று இருந்தது. சந்தவாசலிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். வழியெல்லாம் உள்ளே கீச்சுச் சத்தம். கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

கன்னியம்மா வீட்டுப் பின்பக்கம் கீற்று மறைப்பின் நிழலில் கூடையை இறக்கித் துணியை அவிழ்த்தார். சிவப்பு நிறத் தாய்க்கோழி முதலில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அதன் இறக்கைக்கு அடியிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஓடித் திரியாதபடி அங்கே கிடந்த கோழிக்கூடையை அவற்றின் மேல் கவிழ்த்து, நாய் தள்ளாதிருக்க மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். இடுக்கு வழியாக ஒரு பிடி நொய்யரிசி தூவினார். ஓட்டுச் சில்லில் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளினார். தாய்க்கோழி நொய்யைக் கொத்திக் குஞ்சுகளுக்குக் காட்டியது.

சிறிது நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறுங்கூடையைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே போகாமல் வாய்க்கால் ஓரமாக நடந்து பஸ் ஏறினார். எத்தனை குஞ்சு என்று அவர் எண்ணவில்லை.